பழைய கேரவன் வாங்கப் போறீங்களா? ஓடின வண்டியா, நின்ன வண்டியா பாருங்க

பாடிபட்டறை:
சென்னையில விலைக்கு வர்ற கேரவன் பலதும் கோடம்பாக்கம், வடபழனி பக்கம் ஷூட்டிங்குக்குப் போனது. நாள் முழுக்க ஒரே இடத்துல நின்னு ஏசி ஓட்டின வண்டிங்க. ஓடோமீட்டர்ல நாப்பதாயிரம்தான் காட்டும், ஜெனரேட்டர் கிழவனாயிருக்கும். முதல்ல ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டற ஹவர் மீட்டரைப் பாருங்க. அதோட ஒயர் கழன்டு கிடந்தா பேரத்தைத் தொடரவே வேண்டாம்.

அடுத்தது கூரை. ஏணி போட்டு ஏறி ஏசி யூனிட்டைச் சுற்றியும் வென்ட் ஓரத்திலும் இடுக்கை அடைச்சிருக்கற பசையை, அதாவது சீலன்டை, நகத்தால கீறிப் பாருங்க. பழைய சீலன்ட் மேலேயே புது சிலிகான் பூசியிருந்தா ஒழுகுதுன்னு அர்த்தம். ஹோஸ் பைப்பால அரை மணி நேரம் கூரையில தண்ணி விடுங்க. பிரஷர் கன் வேண்டாம், அது நல்ல சீலையும் பிரிச்சிடும். அப்புறம் உள்ளே போய் ஜன்னலோட கீழ் மூலையைக் கட்டைவிரலால அழுத்துங்க. பிளைவுட் மெத்துன்னு உள்வாங்கினா பின்னாடி சட்டமும் போயிருக்கும். ஈரப்பத மீட்டர் வச்சிருந்தா 20 சதவீதத்துக்கு மேலே சந்தேகப்படலாம், 30ன்னா பேனலையே பிரிக்கணும். ஆனா நம்ம ஊர் காத்துக்கே மரம் கொஞ்சம் ஈரமாத்தான் காட்டும். அதனால நடுச்சுவர்ல ஒரு தடவை, மூலையில ஒரு தடவை அளந்து வித்தியாசத்தைப் பாருங்க.

ஒயர்மேன்65:
மேலே சொன்னதோட வெள்ளத்தையும் சேர்த்துக்கோங்க. 2015, 2023 ரெண்டு டிசம்பரும் தெரியும்ல. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தா அடி நுனியில சேத்துக் கறை இருக்கும். அதை யாரும் கழுவ மாட்டாங்க. டாஷ்போர்டு அடியில ஒரு கனெக்டரைப் பிரிச்சுப் பாருங்க, பச்சை பூத்திருந்தா தண்ணி உள்ளே போயிருக்கு.

பேட்டரி: சார்ஜரைக் கழட்டி நாலஞ்சு மணி நேரம் விட்டு அளங்க. லெட் ஆசிட்ல 12.7 வோல்ட்டு முழு சார்ஜ், 12.2 பாதி. அது மட்டும் போதாது. இன்வெர்ட்டர்ல 1000 வாட் கெட்டில் போட்டா 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும். ரெண்டே நிமிஷத்துல 11 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா பேட்டரி செத்தது, புதுசுக்கான காசை விலையில கழிச்சுடுங்க. வெளிக் கரன்ட் கொடுத்துட்டு டெஸ்டரைப் பாடியில, ஏறுற படியில வைங்க. எரிஞ்சா எர்த் இல்லைன்னு வச்சுக்கோங்க. கரன்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஆர்சிசிபி சுவிட்சோட டெஸ்ட் பட்டனை அழுத்தினா அது டக்குன்னு விழணும்.

தண்ணி பம்பை ஆன் பண்ணி எல்லாக் குழாயையும் மூடுங்க. பம்பு தானா நிக்கணும். சும்மாவே விட்டு விட்டு ஓடுச்சுன்னா எங்கியோ சொட்டுது.

ஜிஎஸ்டி_ரோடு:
டெஸ்ட் டிரைவுக்கு வர்றேன். நீங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினை சூடாக்கி வச்சிருந்தாங்கன்னா நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் உண்மை வெளிய வரும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கு.

தண்ணி டேங்கை நிரப்பிட்டு ஓட்டுங்க. 200 லிட்டர்னா 200 கிலோ, காலி வண்டியில எந்த பிரேக்கும் நல்லாத்தான் பிடிக்கும். கத்திப்பாரா மேம்பாலத்துல ஏசியோட ஏறும்போது சூட்டு முள்ளைப் பாருங்க. மூணாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது.

பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினதும் ஒவ்வொரு வீல்கிட்டயும் புறங்கையைக் காட்டுங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அடுப்பு மாதிரி சுட்டா அந்த பிரேக் இறுகிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நின்னே கிடந்த வண்டியில இது சகஜம். டயர்ல பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கற மேடு பள்ளம், புதுசு மாதிரி இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்துல செஞ்சது. ஆறேழு வருஷம் தாண்டினா மாத்திடுங்க.

பின்னாடி ஒருத்தரை உக்கார வைங்க. ஸ்பீடு பிரேக்கர்ல குறுக்கா ஏறும்போது கப்போர்டு கதவு தானா திறந்தா பாடி முறுக்கிக்குது.

புதுவரவு:
அண்ணே, கேஸ் அடுப்பு?

பாடிபட்டறை:
வீட்டு சிவப்பு சிலிண்டர், 14.2 கிலோ, உள்ளே நின்னா முதல்ல அதை வெளிய எடுக்கச் சொல்லுங்க. சிலிண்டர் அறையோட தரையில காத்து ஓட்டை இருக்கணும். கேஸ் காத்தை விட கனம், கீழதான் தங்கும். ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, தீக்குச்சி கிழிச்சுப் பாக்காதீங்க தம்பி.

ஜிஎஸ்டி_ரோடு:
ஆர்சி புக்குல பாடி டைப் என்ன போட்டிருக்குன்னு படிங்க. வேன்னு பதிவாகி உள்ளே மட்டும் கட்டில் போட்டிருந்தா அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுல வர்ற மாற்றம், ஆர்டிஓ ஒப்புதல் வேணும். இல்லைன்னா இன்சூரன்ஸ் கிளைம் சிக்கும். ஆர்சியில லோன் இருந்தா அதை நீக்க ஃபாரம் 35, பேர் மாத்த ஃபாரம் 29, 30. செங்குன்றம் பக்கம் எடை மேடையில முழு டேங்கோட ஏத்தி, வர்ற எடையை ஆர்சியில இருக்கற மொத்த எடையோட ஒப்பிடுங்க. நீங்களும் குடும்பமும் சாமானும் இன்னும் ஏறலை, அதுக்கும் இடம் மிச்சம் இருக்கணும்.