1786 என்று தைத்த துணி: துப்பறியும் கதைக்கு ஒரு சந்தேகம்

நூற்கண்டு (கேள்வி):

வணக்கம். இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றைக் களமாக வைத்து ஒரு துப்பறியும் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலை கிடையாது, ஒரு தேவாலயம், ஒரு தேநீர்க் கடை, ஊர் வம்பு, நடுவே ஒரு மோசடி, அவ்வளவுதான். மோசடிக்கு உள்ளாகும் பொருள் ஒரு பழைய 'சாம்ப்ளர்'. அக்காலத்துச் சிறுமிகள் எழுத்தையும் தையலையும் ஒருசேரப் பழகுவதற்காக, லினன் துணியில் பட்டு நூலால் அகரவரிசை, பூச்செடி, வீடு, பக்திச் செய்யுள் என்று தைத்து, அடியில் தங்கள் பெயரையும் வயதையும் ஆண்டையும் சேர்த்து முடிப்பார்கள். என் கதையில் வரும் பழம்பொருள் வியாபாரி, 1836 என்றிருப்பதை 1786 என்று திருத்தி, ஐம்பது ஆண்டுப் பழமையைக் கூட்டி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். ஊரில் நூல்கடை நடத்தும் மூதாட்டி அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போதைய வரைவில், ஊதாப் பூ ஒன்றின் நூலை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது செயற்கைச் சாயம் என்று அவர் நிறுவுகிறார். எனக்கே இது சப்பென்று இருக்கிறது. ஆய்வகம் இல்லாமல், கண்ணாலும் கையாலுமே கண்டுபிடிக்க வழி உண்டா?

அவுரிச்செடி:

சப்பென்று இருப்பது மட்டுமல்ல, கணக்கும் இடிக்கிறது. வில்லியம் ஹென்றி பெர்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செய்ய முயன்று, தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டடைந்தது 1856இல். அப்போது அவருக்கு வயது 18. உங்கள் துணியோ உண்மையிலேயே 1836ஐச் சேர்ந்தது. ஆகவே அந்தச் சிறுமி தைத்த பூவில் அந்தச் சாயம் இருக்க வழியே இல்லை. இருந்தால் துணி முழுவதுமே பிற்காலத்தது என்றாகி, வியாபாரியின் குற்றம் ஆண்டைத் திருத்தியதிலிருந்து முழுப் போலியைச் செய்ததாக மாறிவிடும். 1786இலும் சரி, 1836இலும் சரி, நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர் அல்லது கொச்சினீல் பூச்சி என்றே புழங்கியதால், சாயத்தை வைத்து உங்கள் மூதாட்டி ஒன்றும் சாதிக்க முடியாது.

ஊசிமுனை:

ஆய்வகம் எதற்கு? துணியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் தையல் பயின்ற காலத்தில், நோட்டில் ஒட்டிய மாதிரித் துணிகளை எங்கள் ஆசிரியை முன்பக்கம் பார்த்ததாகவே நினைவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு வசதியாக, மேல் விளிம்பில் மட்டும் பசை தடவச் சொல்லுவார்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சாம்ப்ளரின் முன்பக்கம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பின்பக்கம் பலகையைப் பார்த்தபடி இருப்பதால் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதை இலைகளில் காணலாம். அந்நாளில் பச்சை என்பது அவுரி நீலத்தோடு ஏதாவதொரு தாவர மஞ்சளை ஏற்றிப் பெற்ற நிறம். மஞ்சள் முந்தி வெளுத்துவிடுவதால் முன்பக்கத்து இலைகள் நீலமாக நிற்கும், திருப்பினால் பச்சையாக இருக்கும். இப்போது உங்கள் வியாபாரியை எண்ணிப் பாருங்கள். எண்கள் சிவப்பு நூலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நூல் தேடும்போது வெளுத்த முன்பக்கத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் வாங்குவார். அவர் போட்ட தையல் முன்னால் கச்சிதமாகப் பொருந்தும். பின்னால், சிறுமியின் தையல்களெல்லாம் அடர்சிவப்பாக இருக்க, அவருடைய நாலைந்து தையல் மட்டும் வெளிறிய செங்கல் நிறத்தில் தனித்துத் தெரியும். எவ்வளவு கவனமாக நிறம் பார்த்தாரோ, அவ்வளவுக்கு மாட்டிக்கொள்வார்.

எண்களையும் கவனியுங்கள். 3ஐ 8 ஆக்குவதற்குப் பிரிக்க வேண்டியதில்லை, இடப்பக்கம் சில கிராஸ் ஸ்டிச் (பெருக்கல் குறி வடிவத் தையல்) கூட்டினால் போதும். ஆனால் 8ஐ 7 ஆக்குவதற்குப் பழைய தையலில் பாதியைப் பிரித்தாக வேண்டும். நூல் போனாலும் ஊசித் துளைகள் போகா. அத்தனை காலம் நூலுக்கு அடியில் இருந்த துணியின் நிறமும் சுற்றுப்புறத்தோடு ஒட்டாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்த, 1598 என்று ஆண்டு குறித்த சாம்ப்ளர் இருக்கிறது. அதில் முதுகில் கோட்டையைச் சுமந்த யானையைத் தைத்துப் பிறகு பிரித்துவிட்டிருக்கிறார்கள்; அந்தத் தடயத்தை வைத்து இன்றும் யானை என்று சொல்ல முடிகிறது. யானைக்கே இந்தக் கதி என்றால் உங்கள் 8 எங்கே ஒளியும்?

திண்ணைவாசி:

ஊசிமுனை சொன்ன துளைகளை வைத்து வாசகரை ஒருமுறை திசைதிருப்பலாம். சாம்ப்ளரில் வயதும் ஆண்டும் சேர்ந்தே இருப்பதால், தைத்தவர் பெரியவளான பின் அவருடைய வயதை யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு அஞ்சி ஆண்டின் கடைசி இலக்கங்களைத் தாமே பிரித்துவிட்ட பெண்கள் உண்டு. எனவே துளைகளைக் கண்டதும் ஊரே, 'பாட்டி வயதை மறைத்திருக்கிறாள்' என்று சிரிக்கட்டும், வியாபாரியும் சேர்ந்து சிரிக்கட்டும். நூல்கடைக்காரர் மட்டும், வயதைக் குறைத்துக்காட்ட விரும்புகிறவள் ஆண்டைப் பின்னுக்குத் தள்ளித் தன்னை ஐம்பது வயது மூத்தவளாக்கிக்கொள்வாளா என்று கேட்கட்டும்.

வேறொரு யோசனையும் உண்டு. சசெக்ஸின் ஆஷ்பர்ன்ஹாமில் 1813இல் பிறந்த எலிசபெத் பார்க்கர், 1830 வாக்கில் தம் துயரங்களையெல்லாம் சிவப்புப் பட்டு நூலால் வரிவரியாகத் துணியில் தைத்திருக்கிறார். பூவும் இல்லை, வீடும் இல்லை, எழுத்து மட்டுமே. என் ஆன்மா என்னவாகும் என்ற கேள்வியோடு அது பாதியில் நின்றுவிடுகிறது. மோசடியை விட்டுவிட்டு அப்படியொரு துணியை எழுதினால் நான் இன்னும் விரும்பிப் படிப்பேன்.

நூற்கண்டு:

பார்க்கர் அடுத்த கதைக்கு. இதில் சிரிப்புக் குறைந்துவிடும். திருப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஏலத்துக்கு வரும் துணி கண்ணாடிச் சட்டத்துக்குள் அல்லவா இருக்கும்? வியாபாரி கழற்ற விடமாட்டார். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் புது நூல் ஒளிராதா?

ஊசிமுனை:

விளக்கை நம்ப வேண்டாம். அதில் ஒளிர்வது பெரும்பாலும் இக்காலத்து வெள்ளை நூல்களிலும் சலவைத்தூளிலும் சேரும் வெண்மையூட்டிதான். உங்கள் செங்கல் நிற நூல் ஒளிராமலே போகலாம், என்றோ தெரியாமல் துவைத்த பழந்துணி ஒளிர்ந்தும் தொலைக்கலாம்.

அவர் கழற்ற விடாததையே துப்பாக்குங்கள். திருத்துவதற்கு அவரே ஒருமுறை கழற்றியிருக்க வேண்டுமே. துணியோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த பலகை அமிலமேறிய மரமாக இருந்தால், துணியில் பழுப்புக் கறை இறங்கியிருக்கும், பலகையின் கணு இருந்த இடம்கூட அடையாளம் விழுந்திருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்றே அந்தக் கறையைப் பார்க்கலாம். சட்டத்தைத் திருப்பினால் பின்னால் இருப்பது கணுவே இல்லாத புது அட்டை, துருவேறாத ஆணி. அவ்வளவு சிறிய ஊரில் சட்டம் போடுகிறவர் ஒருவர்தான் இருப்பார். பழைய பலகையை அவர் இன்னும் எறியாமல் வைத்திருக்கட்டும்.