முதல் போட்டித் துப்பாக்கி: ஷேடோ 2-ஆ, கிளாக் 34-ஆ?

வணக்கம் நண்பர்களே. டெக்சஸில் இருக்கிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுச் சங்கம்) போட்டியில் புரொடக்‌ஷன் பிரிவில், அதாவது பெரிய மாற்றம் செய்யாத துப்பாக்கிகளுக்கான பிரிவில், இறங்க ஆசை. 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வாங்க வேண்டும்.

சிஇசட் ஷேடோ 2 மேல்தான் மனசு. முழு எஃகு, காலியாகவே 1.3 கிலோ, சுடும்போது முன்சைட் (குழல் நுனியில் உள்ள குறி) அதிகம் துள்ளுவதில்லை. ஆனால் இந்தப் பிரிவில் சுத்தியலை இறக்கிவைத்துத்தான் தொடங்க வேண்டும். முதல் தோட்டாவுக்கு ட்ரிகர்தான் சுத்தியலையும் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதனால் இழுப்பு நீளம், கனம். எனக்கோ கை சின்னது, ட்ரிகருக்கு விரல் நுனிதான் எட்டுகிறது. அந்த ஒரு தோட்டா இலக்கின் நடுவில் உள்ள ஏ பகுதியிலிருந்து அதைச் சுற்றியுள்ள சி-க்கு விலகினால் 5 புள்ளிக்குப் பதில் 3தான் கிடைக்கும்.

கிளாக் 34-இல் எல்லா ட்ரிகர் இழுப்பும் ஒன்றுபோல. விலையும் குறைவு, மிச்சத்தில் ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை), மேகசின், அப்புறம் பயிற்சிக்குத் தோட்டாவும் வாங்கலாம்.

ஷேடோவில் தொடங்கியவர்களே, முதல் இழுப்பு எப்போது கைக்குப் பழகியது? கை சின்னதாக இருப்பவர்கள் மெல்லிய கிரிப் (கைப்பிடித் தகடு) மாட்டிப் பார்த்தீர்களா? கொஞ்சம் சொல்லுங்கள்.