கணனி காட்டிய பற்றாக்குறை

புதுக்குடியிருப்பிலிருந்து, தொடர்பாடல் நிலையம் நடத்தும் ஒருவர்:

2024 யூலை 19, வெள்ளிக்கிழமை பிற்பகல், உடையார்கட்டிலிருந்து ஓர் ஐயா சேமிப்புப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். உலகத்துக் கணனிகள் எல்லாம் நின்றுவிட்டன, வங்கிகளில் உள்ள காசு அழிந்துவிடும் என்று யாரோ பேசிய காணொளியை மகள் கைப்பேசியில் காட்டியிருக்கிறாள். காசு முழுவதையும் எடுத்து வீட்டில் வைத்துவிடலாமா என்று அவர் கேட்டார்.

உண்மையில் அன்று நடந்தது, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு கோப்பில் நேர்ந்த தவறு. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத ஒன்றைத் தேடிய மென்பொருள் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியை வாசிக்க முயன்றதால் விண்டோஸ் நிலைகுலைந்தது. பாதிக்கப்பட்டவை 85 இலட்சம் கணனிகள் என்பது மைக்ரோசொப்ட்டின் மதிப்பீடு. எங்கள் நேரப்படி காலை 9.39க்கு வெளியான அந்தக் கோப்பு 10.57க்கே மீளப் பெறப்பட்டுவிட்டது. ஆனால் நின்றுபோன கணனிகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. விமானங்கள் பறக்கவில்லை, மருத்துவமனைகள் தடுமாறின, ஆகவே அது சிறிய விடயமல்ல. ஆனாலும் அந்தத் தவறு கணனியை நிறுத்தியதே தவிர, வைப்புக் கணக்குகளை அழிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல.

ஐயாவின் பயத்தை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். 2009இல் அடகு வைத்த நகையையும் சேமித்த காசையும் ஒன்றாக இழந்தவர் அவர். அப்படி ஒருமுறை பறிகொடுத்தவரின் காதில் அந்தக் காணொளி எப்படி விழும் என்பதை, அதை வெளியிட்டவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற எழுதுநர் ஒருவர்:

எங்கள் கிளையில் நடந்ததைப் பற்றி எந்தக் காணொளியும் வரவில்லை.

2022 மார்ச்சில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில், நான் ஒரு சேமிப்பு, கடன் நிறுவனத்தில் வேலை செய்தேன். காலபோக நெல் விற்ற காசு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு மாலை கணக்கு முடிக்கும்போது, கருமபீடத்தில் இருந்த பிள்ளையின் பெட்டியில் 84,000 ரூபாய் குறைகிறது என்று கணனி காட்டியது. அவள் மூன்று முறை எண்ணினாள், நானும் எண்ணினேன். முகாமையாளர் கணனியை நம்பினார். நானும் அதையே நம்பினேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. தாயின் சங்கிலியை அடகு வைத்து அவள் அந்தக் காசைக் கட்டினாள்.

ஐந்து கிழமைகளின் பின் ஒரு கமக்காரர் தன் புத்தகத்தில் பதிவு போட வந்தார். அவருடைய 84,000 ரூபாய் வைப்பு ஒரே நாளில், ஒரு நிமிட இடைவெளியில், இரண்டு தடவை அச்சாகியது. தான் ஒரு தடவைதான் காசு கட்டியதாக அவரே சொன்னார். மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கிய இடைவெளியில் இணைப்பு அறுந்திருக்கிறது. பதிவு தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, சேர்ந்தது என்ற மறுமொழி மட்டும் திரும்பி வரவில்லை. திரை அசையாமல் நின்றதால் அவள் மீண்டும் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் தள்ளிவிடும் ஏற்பாடு அந்த மென்பொருளில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பிரித்தானிய அஞ்சலகங்களின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பற்றி நான் பின்னர்தான் வாசித்தேன். 2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் இதே போலத் திரை உறைந்து, 8,000 பவுண் நான்கு தடவை பதிவாகி, 24,000 பவுண் பற்றாக்குறை காட்டியிருக்கிறது. அந்த மென்பொருள் காட்டிய கணக்கை வைத்து 900க்கும் மேற்பட்ட உப அஞ்சலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். கணனி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றங்கள் அனுமானித்தன. 2009இலேயே ஒரு கணனித்துறை இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டிருந்தும், அந்தத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் நிறைவேறியது. அதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மல்லாவியிலிருந்து, அரச அலுவலர் ஒருவர்:

2023இல் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை (அரச அலுவலகங்களின் தரவுகளை இணையவழியாகச் சேமித்து வைக்கும் சேவை) தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலப்பகுதிக்கு இணைப்பில் இல்லாத காப்புப் பிரதி இருக்கவில்லை என்பதே காரணம். எங்கள் பக்கத்தில் அதற்காகப் பயந்தவர் எவரையும் நான் காணவில்லை. அதன் பிறகு முக்கியமான கடிதங்களை நான் அச்செடுத்துக் கோவையில் இட்டு வருகிறேன். அந்தப் பிள்ளைக்குக் காசு திரும்பக் கிடைத்ததா, ஐயா?

கிளிநொச்சியிலிருந்து, அதே எழுதுநர்:

மூன்று மாதங்களின் பின் 84,000 ரூபாயும் கிடைத்தது. அடகு வட்டியை ஒருவரும் கொடுக்கவில்லை. அவளுடைய தனிக்கோவையில் ‘காசுப் பற்றாக்குறை’ என்று எழுதிய குறிப்பை நீக்கும்படி நான் இரண்டு தடவை எழுத்தில் கேட்டேன். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அது அங்கேயே இருந்தது.