ஆப் ஓடுகிறது, டாக்கர் மட்டும் "அன்ஹெல்த்தி" என்கிறது

கேள்வி:
வணக்கம். ஜாங்கோ (பைத்தான் வலை ஃப்ரேம்வொர்க்) ஆப் ஒன்றை, குனிகார்ன் என்ற பைத்தான் வெப் சர்வர் வைத்து, டாக்கர் கம்போஸில் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன். இமேஜ் பைத்தான் அல்பைன், அதாவது சின்ன லினக்ஸ் மேல் பைத்தான். முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜினெக்ஸ், பின்னால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். இப்போது ஹெல்த்செக் (ஆப் சரியாக இருக்கிறதா என்று டாக்கர் அவ்வப்போது ஓட்டும் சோதனை) சேர்த்து, ஆப் "ஹெல்த்தி" ஆன பிறகே என்ஜினெக்ஸ் கிளம்ப வேண்டும் என்று எழுதினேன். சோதனைக்கு ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளை, முகவரி லோக்கல்ஹோஸ்ட் 8000. டொமைன் பெயரோடு 8000 போட்டு உலாவியில் திறந்தால் பக்கம் வருகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் "அன்ஹெல்த்தி" ஆகிவிடுகிறது, என்ஜினெக்ஸ் கிளம்புவதே இல்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
ஆப்பின் லாக்கில் தேடாதீர்கள், அங்கே இருக்காது. டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டு, ஸ்டேட் என்பதற்குக் கீழே ஹெல்த் பகுதியைப் பாருங்கள். கடைசி 5 சோதனைகளின் வெளியீடு அப்படியே இருக்கும்.

கேட்டவர்:
"கர்ல்: நாட் ஃபவுண்ட்" என்று இருக்கிறது! என் சர்வரில் கர்ல் இருக்கிறதே?

பதில் 1:
சோதனை கண்டெய்னருக்கு (ஆப் தனியாக ஓடும் பெட்டி) உள்ளே ஓடுகிறது. உங்கள் சர்வரில் இருப்பது அதற்குத் தெரியாது. அல்பைனில் கர்ல் வராது. அதிலுள்ள பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் தொகுப்போடு டபிள்யூகெட் வரும், கர்ல் செய்யும் வேலையை அதுவும் செய்யும், அதைப் போடுங்கள்.

கேட்டவர்:
போட்டேன். இப்போது "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு".

பதில் 2:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். குனிகார்னை 0.0.0.0 இல் கட்டியிருப்பீர்கள் (பைண்ட்), அது ஐபிவி4 முகவரிகளில் மட்டும் கேட்கும். கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் ஐபிவி6 (புதிய வகை) முகவரியும் உண்டு. டபிள்யூகெட் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்றே எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி, இணைப்பு கிடைக்கிறது. ஆனால் 400 பேட் ரிக்வெஸ்ட். உலாவியில் அதே பக்கம் நன்றாகத்தான் வருகிறது.

பதில் 2:
இது ஜாங்கோவின் வேலை. அலவ்டு ஹோஸ்ட்ஸ் (எந்தப் பெயரில் வரும் கோரிக்கையை ஏற்கலாம் என்ற அமைப்பு) பட்டியலில் உங்கள் டொமைன் மட்டும் இருக்கும். உலாவி டொமைன் பெயரோடு வருவதால் உள்ளே விடுகிறது. 127.0.0.1 என்று வந்தால் கதவைச் சாத்திவிடும். அதையும் பட்டியலில் சேருங்கள். நட்சத்திரம் போட்டு எல்லோரையும் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

கேட்டவர்:
பச்சை! "ஹெல்த்தி" வந்துவிட்டது, என்ஜினெக்ஸும் எழுந்துவிட்டது. ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பு மாற்றங்கள்) அதிகமாக இருக்கும் நாளில் குனிகார்ன் எழவே 2 நிமிடம் ஆகிறது. அப்போது மறுபடி சிவப்பாகுமா?

பதில் 1:
ஆகும். இயல்பாக 30 நொடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி என்றால் "அன்ஹெல்த்தி". ஸ்டார்ட் பீரியட் (ஆப் எழுவதற்குத் தரும் சலுகை நேரம்) இயல்பில் 0. அதை 180 நொடியாக வையுங்கள். அந்த நேரத்துக்குள் வரும் தோல்விகள் கணக்கில் சேராது, ஒரு முறை வெற்றி வந்தால் உடனே "ஹெல்த்தி" ஆகிவிடும். அதனால் தாராளமாக வைப்பதில் நஷ்டமில்லை.

பதில் 3:
இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். "அன்ஹெல்த்தி" ஆனால் கம்போஸ் தானாக ரீஸ்டார்ட் செய்யும் என்று நம்பியிருக்காதீர்கள். ரீஸ்டார்ட் பாலிசி பார்ப்பது ப்ராசஸ் செத்துவிட்டதா என்பதை மட்டுமே. ஸ்வார்ம் (பல சர்வர்களில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் டாக்கர் முறை) என்றால்தான் புதிதாக ஒன்றை எழுப்பும்.

அப்புறம், பின்னாளில் குபர்நெட்டீஸுக்கு (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் இன்னொரு அமைப்பு) போனால் டாக்கர்ஃபைலில் உள்ள ஹெல்த்செக்கை அது கண்டுகொள்ளாது, லைவ்னஸ் (தோற்றால் ரீஸ்டார்ட்), ரெடினஸ் (தோற்றால் கோரிக்கை அனுப்பாது) என்று தனியாக எழுத வேண்டும். அப்போது லைவ்னஸ் சோதனைக்குள் போஸ்ட்கிரஸை இழுக்கவே இழுக்காதீர்கள். டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் திணறினால், நன்றாக இருக்கும் ஆப் எல்லாவற்றையும் அதுவே கொன்று கொன்று எழுப்பும். டேட்டாபேஸ் வேண்டுமானால் ரெடினஸில் பார்க்கலாம், அதையும் யோசித்துச் செய்யுங்கள்.

கேட்டவர்:
என் ஹெல்த் பக்கம் டேட்டாபேஸில் ஒரு வினவல் ஓட்டிப் பார்க்கிறது. இப்போதே அதை எடுத்துவிட்டு வெறும் 200 (எல்லாம் சரி என்ற பதில்) திருப்புகிறேன்.