புதுப்பிப்பு: மிரட்டலுக்குப் பிறகு மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன்

திங்கட்கிழமை மகளின் பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்ததையும், திரும்ப அனுப்பவே பயமாக இருப்பதையும் எழுதியிருந்தேன். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

போலீசார் மோப்ப நாயோடு ஒவ்வொரு அறையாகத் தேடினார்கள். புரளிதான். நேற்று பள்ளி திறந்தது, அனுப்பினேன்.

அன்று எங்களை அதிகம் ஆட்டிவைத்தது வாட்ஸ்அப் குழு. 'இன்னொரு பள்ளியில் வெடித்துவிட்டதாம்' என்று வந்த குரல்பதிவை நானும் யோசிக்காமல் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டேன். அது பொய். அதைக் கேட்டு ஒரு அம்மா அலுவலகத்திலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்திருக்கிறார். நால்வரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

பிள்ளைகள் பையை வகுப்பிலேயே விட்டுவிட்டுத்தான் அன்று வெளியே வந்தார்கள். நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் மகள் பையின் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்றேன். "சும்மாம்மா" என்றாள். எட்டு வயது. 'தண்ணீர்க் குழாய் உடைந்தது' என்று நான் சொல்லிவைத்த கதையை அவள் நம்பவே இல்லை. அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து நடந்ததை உள்ளபடி சொன்னேன். ஏன் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

இன்று காலை வாசலில் என் விரலை விடக் கொஞ்சம் நேரமானது. உள்ளே போய்த் திரும்பிக் கையசைத்தாள்.