வீட்டில் என் பங்கு வேண்டும், பிள்ளைகளும் அங்கேயே இருக்க வேண்டும். வழி உண்டா?

இரண்டுபை:

பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. வெளியே வந்தது நான்தான், இரண்டு பையோடு. பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 6. இருவரும் அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறார்கள். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, கடனும் அப்படித்தான். மாதத் தவணையில் பாதியை இன்னும் நான் கட்டுகிறேன், அது போக என் வாடகை.

இன்றைய மதிப்பை 100 என்று வையுங்கள். கடன் பாக்கி 40. வாங்கும்போது கையிலிருந்து போட்ட 20-ல் 15 என்னுடைய கல்யாணத்துக்கு முந்தைய சேமிப்பு. அந்த 15-ஐ முதலில் எனக்குத் தந்துவிட்டு மீதியைப் பாதியாக்க வேண்டும் என்கிறேன். அவளோ வீட்டில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது, விற்கவே கூடாது என்கிறாள். அப்படி ஒரு பங்கு உண்டா? விற்றால் சின்னவன் பள்ளி மாற வேண்டிவரும். அதை நினைத்தால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் 43 வயதில் ஒற்றை அறையில் இருக்கிறேன், பிள்ளைகள் வந்தால் படுக்க இடமில்லை.

கணக்கப்பிள்ளை:

100-ல் கடன் போனால் 60. பிரிக்க இருப்பது அவ்வளவுதான். நேர்பாதி என்றால் உங்களுக்கு 30. உங்கள் கணக்குப்படி 15, அப்புறம் 45-ல் பாதி, ஆக 37.5. சண்டை முழுக்க அந்த ஏழரைக்குத்தான். (நான் வேண்டுமென்று சொல்லவில்லை சார், கழித்தால் அப்படித்தான் வருகிறது.)

பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பொதுவாக வீட்டில் பங்கு கிடையாது. அவர்களுக்கு இருக்க ஒரு இடம் வேண்டும் என்பது வேறு விஷயம், அதை நீதிமன்றம் பார்க்கும். எவ்வளவு பார்க்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நலன்தான் முதல் கவனம். கலிஃபோர்னியாவில் திருமண காலத்துச் சம்பாத்தியம் சரிபாதி. முந்தைய சேமிப்பைப் போட்டு வாங்கியதை ஆவணத்தோடு காட்டினால் அதைத் திரும்பக் கேட்கலாம். இந்தியாவில் பத்திரத்தில் யார் பெயர் என்பதிலிருந்துதான் பேச்சே தொடங்கும்.

அவர் உங்களுக்கு 30 தந்து வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் 40 கடனும் அவர் ஒருவர் தலையில் ஏறும். அந்த 30-க்கும் கடன்தான் என்றால் மொத்தம் 70. ஒரு சம்பளத்துக்கு வங்கி அவ்வளவு தருமா? முதலில் அதைக் கேட்டு வாருங்கள். நீங்கள் இருவரும் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டாது. அவர் தவணை தவறினால் உங்களிடம்தான் வருவார்கள்.

கீழ்வீடு:

தம்பி, நான் உங்கள் மனைவி இடத்தில் இருந்தவள். சின்னவள் பள்ளி முடிக்கும்வரை விற்பதில்லை, அப்புறம் விற்றுப் பிரிப்பது என்று எழுதிக்கொண்டோம். இங்கிலாந்தில் இதற்கு மெஷர் ஆணை என்று பெயரே இருக்கிறது, ஆக நாம் மட்டும் கண்டுபிடித்த வழி இல்லை.

நாங்கள் செய்த தப்பு, என் கணவர் பங்கைத் தொகையாக எழுதியது. ஒன்பது வருஷத்தில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, அவர் தொகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு லாபம்தான். மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட அவர் என்னிடம் பேசவில்லை. சதவீதமாக எழுதுங்கள்.

தவணையை இனி உங்கள் மனைவியே முழுதும் கட்டினால் அசல் குறைவதை அவர் கணக்கில் வரவு வையுங்கள். வட்டி, அங்கே குடியிருப்பதற்கு ஈடு. கூரை ஒழுகினால் யார் செலவு, அவர் மறுமணம் செய்தாலோ வீட்டை விட்டுப் போனாலோ என்ன, உங்களில் ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, எல்லாமே எழுத்தில் வேண்டும். பிள்ளைகளுக்கான மாதச் செலவை இதில் கலக்காதீர்கள். கலந்தால் ஒவ்வொரு பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுப் பேச்சு வரும்.

அந்த 15 பற்றி ஒன்று. சின்னவன் பிறந்தபோது வேலையை விட்டது யார்?

இரண்டுபை:

அவள்தான் அக்கா. மூன்று வருஷம். அதை எப்படிக் கணக்கில் எழுதுவது?

கணக்கப்பிள்ளை:

அவர் வாங்கியிருக்கக்கூடிய மூன்று வருஷச் சம்பளத்தை எழுதிப் பாருங்கள். அவர் அதைச் செய்வதற்கு முன் நீங்களே செய்துவிடுவது நல்லது.

இரண்டுபை:

எழுதிப் பார்த்தேன். அந்த ஏழரையை விட அதிகம் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நேற்று பேசினோம். 15-ஐ விட்டுவிட்டேன், பங்கு 50 சதவீதம் என்று எழுத அவளும் சரி என்றாள். இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக் கணக்கை இன்றைய தேதியில் முடித்துவைப்போம், இனி தவணை முழுதும் அவள் பொறுப்பு. விற்கும் வருஷத்தில்தான் இழுபறி. சின்னவனுக்கு 18 ஆகட்டும் என்கிறாள், பன்னிரண்டு வருஷம். பெரியவள் பள்ளி முடித்ததும் விற்கலாம் என்கிறேன். அதுவரை கடனில் என் பெயர் நின்றால் எனக்கு இன்னொரு வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். கடனை அவள் பெயருக்கு மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்க வியாழக்கிழமை இருவரும் வங்கிக்குப் போகிறோம். தனித்தனி வண்டியில்.