மடக்கிய மூலையில் இருந்த பச்சை: வீட்டுச் சுவரில் பிரெஞ்சு தப்பிசெரி, உங்கள் அனுபவம்?

மானிப்பாய் மகள்

பரிஸில் ஆறு வருடம் ஒரு வயதான மதாமைப் பார்த்துக்கொண்டேன். சமையல், குளிக்க வார்ப்பது, மருந்து. வீடு கோப்லன் பக்கம், நாலாம் மாடி. தப்பிசெரி என்றால் நிற நூலாலேயே படம் வரும்படி கையால் நெய்து சுவரில் தொங்கவிடும் துணி, இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடைய சாலோனில், அதாவது வரவேற்பறையில், ஒரு வெர்துர் தொங்கியது, இலையும் மரமுமாக நெய்த தப்பிசெரி. மரங்கள், ஒரு ஓடை, ஓரத்தில் நீளக் காலோடு ஒரு கொக்கு. மனிதர் ஒருவரும் இல்லை. தப்பிசெரிக்குப் பெயர்போன ஒபுசோன் ஊரில் நெய்தது, பாட்டியின் சீதனத்தோடு வந்தது என்பார். இலையெல்லாம் நீலம். அந்தக் காலத்து ஆட்கள் விரும்பித்தான் அப்படி நெய்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மத்தியானம் ஆனால் ஜன்னலின் வொலேயை, அந்த வெளிக்கதவை, மூடச் சொல்லுவார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. வருடத்தில் பாதி நாள் இருட்டும் மழையும், கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் ஏன் அடைக்க வேண்டும்? வயதான எலும்புக்கு வெயில் வேண்டும். அவர் நித்திரையானதும் மெதுவாகத் திறந்துவிடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு கோடை முழுக்க.

ஒரு நாள் அவர் நேரத்தோடு எழும்பி வந்துவிட்டார். ஏசவில்லை. கைத்தடியைச் சுவரில் சாத்தினார். தப்பிசெரியின் கீழ் மூலையில், வலது பக்கம், பின்னால் இருந்த லைனிங் துணியில் தையல் விட்டிருந்தது. அதை விலக்கி, ஓரத்தை முன்னால் மடக்கிக் காட்டினார்.

அதே இலை. பச்சை. வாழைக்குருத்துப் பச்சை.

பச்சைக்கென்று தனிச் சாயம் அப்போது இல்லையாம். கம்பளி நூலை முதலில் நீலத்தில் தோய்த்து, மேலே கோத் என்கிற செடியின் மஞ்சளைக் கொடுப்பார்களாம். நீலம் வெளிச்சத்துக்கு நின்றுவிடும், மஞ்சள் நிற்காது. வெயில் மஞ்சளைத் தின்றுவிட்டால் காடு முழுக்க நீலமாகிவிடும். "பாதி என் பாட்டி காலத்து வெயில், பாதி என் காலத்து வெயில்" என்றார். என்னுடைய இரண்டு கோடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருடம் காலமாகிவிட்டார். மகன் அதை எடுத்துப்போனார். இரண்டு கிழமைக்கு முன் அவர்கள் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தெற்குப் பார்த்த பெரிய கண்ணாடி, நேரெதிர்ச் சுவரில் தப்பிசெரி, கீழே ரேடியேட்டர். கொக்கின் மேல் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. நான் கோப்பியைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். அந்தக் குடும்பத்துக்கு நான் வேலைக்கு வந்த மனுசி. ஆனால் அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் அந்தச் சதுர வெயில்தான் ஞாபகம் வருகிறது.

காரைக்கால் செல்வம்

அக்கா, உங்களுடையதைப் படித்த பிறகு என்னுடையதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓர்லியோன் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தை, அங்கே ஒரு தொங்கல். சிவப்புத் தரை, ஆயிரம் பூக்கள், நீலக் கூடாரம், ஒற்றைக்கொம்புக் குதிரையோடு நிற்கும் சீமாட்டி. எல்லோருக்கும் தெரிந்த படம்தான். விற்றவர் "ஒபுசோன், கையால் நெய்தது" என்றார். 180 யூரோ கொடுத்தேன். அந்த மாதம் அது எனக்குப் பெரிய காசு.

எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற ஒரு தப்பிசியே இருக்கிறார், நாற்காலிக்கு மெத்தை தைத்தவர். அவரிடம் பெருமையாகக் காட்டினேன். முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு, கட்டை விரலை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். பின்னால் முழுக்க நேர்கோடு, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டது போலக் கலர் பட்டைகள். ஒரு முடிச்சு இல்லை, தொங்கும் நூல் ஒன்றுகூட இல்லை. "கை நெசவு என்றால் பின்பக்கத்திலும் இதே படம் இடவலம் மாறி இருக்கும், நூல் முனைகள் தாடி மாதிரி தொங்கும். இது மிஷின். நல்ல பருத்தி" என்றார். அந்த 'நல்ல பருத்தி' எனக்காகச் சேர்த்தது என்று புரிந்தது.

அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு க்ளூனி அருங்காட்சியகத்தில் அசலைப் பார்க்கப் போனேன். மங்கலான அறை, ஆறு தொங்கல்கள், 1500ஆம் ஆண்டை ஒட்டியவை. 1841இல் எழுத்தாளர் மெரிமே புசாக் கோட்டையில் பார்த்துச் சொல்லித்தான் வெளியுலகம் அறிந்தது, அருங்காட்சியகத்துக்கு 1882இல் வந்து சேர்ந்தது. மகள் முயல்களை எண்ணிக்கொண்டிருந்தவள், திடீரென்று "அப்பா, கீழே மட்டும் ஏன் வெளுத்திருக்கு?" என்றாள். கோட்டையின் ஈரத்தில் கீழ்ப்பகுதி கெட்டுப்போக, 19ஆம் நூற்றாண்டில் புதிதாக நெய்து சேர்த்தார்கள். அந்தக் காலத்து ரசாயனச் சாயம் வெளுத்துவிட்டது, 1500இன் சிவப்பு நிற்கிறது. அவள் அங்கேயே நின்று, "நம்ம வீட்டுல கீழே வெளுக்கவே இல்லையே" என்றாள்.

எங்கள் வீட்டுத் தொங்கல் இன்னும் சாப்பாட்டு மேசைக்கு மேலேதான் இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லி விற்றவர் மேல் இருக்கிறது.

வெர்சாய் ரவி

செல்வம் சார், வருத்தப்படாதீர்கள், ஆனால் அதைத் தப்பிசெரி என்று சொல்லாதீர்கள். அது படம் போட்ட மிஷின் துணி. இன்னொன்று, அசலையே முழுக்கப் பிரெஞ்சு என்று சொல்ல முடியாது. பாரீஸில் வரைந்து ஃபிளாண்டர்ஸ் பக்கம் நெய்திருக்கலாம் என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். பாயு தப்பிசெரி என்கிறார்களே, அது நெசவே இல்லை, ஏறக்குறைய 70 மீட்டர் லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட எம்பிராய்டரி.

என் அனுபவம் சின்னது. மாமனார் கொடுத்த ஒரு சின்னத் தொங்கலைப் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்தேன். இரண்டு வருடம் கழித்துப் பிரித்தபோது நாய்க்குட்டியின் முகம் இருந்த இடத்தில் வெறும் பாவு நூல்தான் (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) இருந்தது, பூச்சி அரித்திருந்தது. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். முதலில் பின்பக்கம். நவீனத் தொங்கல் என்றால் பின்னால் பொல்துக் என்கிற துணித்துண்டு தைத்திருக்கும், தலைப்பு, ஓவியர் கையெழுத்து, பட்டறை, எத்தனையாவது பிரதி எல்லாம் அதில் இருக்கும். பிரெஞ்சு வரிச் சட்டப்படி ஓவியரின் அசல் வரைவிலிருந்து கையால் நெய்து எட்டுப் பிரதிக்குள் இருந்தால்தான் அசல் கலைப்படைப்பு. அப்புறம் முன்பக்கத்தில் நிறம் மாறும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு நிற நூலும் தன் எல்லையில் திரும்பிவிடும், அதனால் இரண்டு நிறத்துக்கு நடுவே கீறல் போல இடைவெளி விழும், அதை ஊசியால் தைத்திருப்பார்கள்.

மாட்டும்போது ஆணி அடிக்கவே கூடாது. இதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் படத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்கிறார்கள். சுவரில் மாட்டும்போது பாவு கிடையாகப் போகும், முழுப் பாரமும் ஊடையின் (பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலின்) மேல் விழும். இரண்டு ஆணியில் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து கீறல்கள் வாய் பிளக்கும். மேல் ஓரம் முழுவதும் பருத்திப் பட்டை தைத்து, அதில் வெல்க்ரோ தைத்து, எதிர் வெல்க்ரோவை மரச்சட்டத்தில் அடித்து ஒட்டுங்கள். பாரம் சமமாகப் பரவும், தீ பிடித்தால் ஒரே இழுப்பில் கழற்றலாம். ரேடியேட்டருக்கு மேலே வேண்டாம், கணப்புக்கு மேலே வேண்டாம். அருங்காட்சியகங்களில் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, நம் வரவேற்பறையில் பகலில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். தண்ணீரில் நனைக்காதீர்கள், கம்பளி சுருங்கும், சாயம் ஓடும். தூசிக்கு வாக்யூமின் வேகத்தைக் குறைத்து, நடுவே ஒரு வலையை வைத்து, தட்டித் தட்டி எடுங்கள். மடிக்காதீர்கள், உருளையில் சுற்றுங்கள். பூச்சி இருட்டில் முட்டையிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பின்பக்கத்தைப் பாருங்கள். சின்ன உருப்படி என்றால் காற்றுப் போகாமல் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம்.

கஸ்தூரி, லியோன்

ரவி அண்ணா, மாட்டுவது எப்படி என்று யாருமே கேட்கவில்லையே. அந்த அக்கா மனசில் இருப்பதைச் சொன்னார், அதற்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

என் கதை 2009. முதல் வாடகை வீடு. முந்தைய குடித்தனக்காரர் சுவரில் ஒரு கன்வாவை விட்டுப் போயிருந்தார், அச்சடித்த துணியில் ஊசியால் நிரப்புவது, மான் படம். என் மகன் அதன் ஓரத்தைப் பிய்த்துவிட்டான். காலி செய்யும்போது வந்த கடிதத்தில் 'தப்பிசெரி கிழிந்துள்ளது, சரி செய்ய வேண்டும்' என்று இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதே கலர் நூல் தேடி மானின் காலைத் தைத்து முடித்தேன். காலையில் வந்தவர் கையில் மானை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. மான் தொங்கிய இடத்தில் உரிந்து போயிருந்த சுவர்க் காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். பேச்சு வழக்கில் வால்பேப்பருக்கும் தப்பிசெரி என்றுதான் சொல்வார்களாம். முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவர் சிரிக்கவில்லை, விளக்கவும் இல்லை, மானைப் பார்க்கவும் இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. மான் என்னோடுதான் இருக்கிறது. அது தப்பிசெரியா இல்லையா என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

காஞ்சித் தறி

'மிஷின் துணி' என்று ரவி சார் ஒரே வார்த்தையில் தள்ளியது உறுத்துகிறது. என் அப்பா காஞ்சிபுரத்தில் முப்பத்தைந்து வருடம் தறிக்குழியில் உட்கார்ந்தவர். அவர் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லும் துளை அட்டைகள் மாலையாக. அந்தப் பெட்டியை 1800களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் லியோன்காரர் ஜக்கார். செல்வம் சார் வீட்டுச் சீமாட்டியும் அந்த வழியில் வந்தவள்தான். கைத்தறி வேறு, விசைத்தறி வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேவலமாகப் பேச வேண்டாம்.

நான் லிமோஜில் படித்தபோது ஒபுசோனில் ஒரு பட்டறைக்குப் போனேன். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நெசவு, ஊரோ சின்ன ஊர், ஆற்றோரம். தறி நம்முடையது போலக் கிடைத்தறி. பாவுக்கு அடியில் ஓவிய வரைவு. ஓவியர் லூர்சா 1939இல் அங்கே வந்த பிறகு நிறங்களைக் குறைத்து, வரைவில் நிறத்துக்குப் பதில் எண் எழுதும் வழக்கத்தைப் பரப்பினார். நெசவுக்காரம்மா மரக்கட்டையில் மார்பைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நாடா வீசுவதே இல்லை. ஃப்ளூட் என்று ஒரு மரக்குச்சி, நிறத்துக்கு ஒன்று, விரலால் நாலைந்து இழைக்குள் விட்டுத் திருப்பி, நகத்தாலும் சீப்பாலும் கீழே தள்ளினார்.

அப்பாவுக்கு வீடியோ போட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஊடை கரைக்குக் கரை போகலையேடா. நம்ம கோர்வை மாதிரி நடுவுலயே திரும்புது" என்றார். அப்புறம், "பின்பக்கமா நெய்யறாங்களா?" என்றார். ஆமாம், ஒபுசோனில் நெய்பவர் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அந்தம்மா கேமராவுக்காக ஒரு கைக்கண்ணாடியைப் பாவுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தார். மேலே நூல் முனைகளின் புதர், கண்ணாடியில் ஒரு பறவையின் கண்.

ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்றேன். அப்பா நல்ல பட்டுச் சேலையைப் பதினைந்து நாளில் முடிப்பவர், தலையை மட்டும் ஆட்டினார். கடைசியாக, "அவங்க பேரு அதுல வருமா?" என்றார். கேட்டுச் சொன்னேன்: ஓவியர் பெயரும் பட்டறை அடையாளமும் வரும். அப்பா "சரி" என்றார். அந்தச் சரியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வெர்சாய் ரவி

காஞ்சித் தறி தம்பி, நீங்கள் சொன்னது சரி. அந்த வார்த்தையை நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது. கஸ்தூரி, உங்களுக்கும் அதே.

மானிப்பாய் மகள், உங்களுக்கு ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஆஞ்சே கோட்டையில் 14ஆம் நூற்றாண்டு அபோகலிப்ஸ் (பைபிளின் உலக முடிவுக் காட்சிகள்) தப்பிசெரி இருக்கிறது, நூறு மீட்டருக்கு மேல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை ஒட்டி அதை வெட்டி ஆரஞ்சு மரங்களைப் பனியிலிருந்து மூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிற்காலத்தில் பின்பக்க லைனிங்கைப் பிரித்தபோது உள்ளே நிறம் அப்படியே இருந்தது. அந்த ஆஞ்சே தப்பிசெரியின் பின்பக்கப் படங்களை மதாமின் மகனுக்குக் காட்டுங்கள். நீங்கள் குறை சொல்வதாகவே இருக்காது.

காரைக்கால் செல்வம்

அக்கா, வேலைக்கு வந்தவர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த மூலையை மதாம் மகனுக்குக் காட்டினாரோ என்னவோ, உங்களுக்குக் காட்டினார்.

மானிப்பாய் மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகனுக்கு எழுதினேன். நான் வொலேயைத் திறந்து வைத்ததையும் சேர்த்துத்தான் எழுதினேன், அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல மனம் வரவில்லை.

காலையில் அவரே எடுத்தார். சின்ன வயதில் வொலேக்காக அம்மாவோடு எத்தனை சண்டை என்று சொன்னார். அது அம்மாவின் பிடிவாதம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தாராம். பச்சை இருந்தது அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமை வரச் சொன்னார். ஏணி எடுத்து வைக்கிறாராம், உள்ளே படிப்பறைச் சுவர் காலியாக இருக்கிறதாம், அங்கே ஜன்னல் வடக்குப் பக்கம். வலது கீழ் மூலையில் லைனிங்கைத் தைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், இன்னும் பிரிந்தபடிதான் இருக்கிறதாம். நான் வரும்வரை தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.